கொரோனாவோடு வாழப் பழகச் சொன்னவர்களுக்கு

2025 மே, ஜூன் மாதங்களில் கொரோனா எண்ணிக்கை மறுபடியும் கொஞ்சம் ஏறி இறங்கியது. ஊரே நின்றுபோகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நம் தோழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஐந்தாண்டுகளாகப் பரணில் கிடந்த விவாதம் ஒன்று தூசி தட்டி இறக்கப்பட்டது. கூட்டத்துக்குப் போகலாமா, திரையிடலைத் தள்ளிவைக்கலாமா, மாஸ்க் போடுவது பொறுப்பா பயமா, இன்னும் எத்தனை நாளுக்கு வாழ்க்கையைத் தள்ளிப்போடுவது? ஒரு தோழர் தீர்ப்பு மாதிரி எழுதினார்: ஆபத்தையும் வாழ்க்கையையும் எடைபோட்டுப் பார்த்து அவரவர் முடிவை அவரவர் எடுக்க வேண்டியதுதான், இதில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. அதற்குக் கீழே வரிசையாக ஹார்ட் விழுந்திருந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் சுயமரியாதை வாசனைகூட அடிக்கிறது. என் உடம்பு, என் ரிஸ்க், என் முடிவு. எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் ஐந்தாண்டுக் கோபம் இருக்கிறது. அதை இங்கே எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எடைபோட வேண்டும் என்றால் முதலில் தராசு நம் கையில் இருக்க வேண்டும். நோயை ஒரு தட்டிலும் வாழ்க்கையை ஒரு தட்டிலும் வைத்துப் பார்ப்பவருக்கு என்னென்ன தேவை? வீட்டில் இருந்தாலும் சம்பளம் வர வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதம் தாங்கும் சேமிப்பு வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒதுங்கிப் படுக்கத் தனி அறை வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும். மளிகை வாசலுக்கு வர வேண்டும், அதைக் கொண்டுவர ஒருவர் வெளியே சுற்ற வேண்டும். இருமித் துப்பிய டிஷ்யூவையும் கழற்றிப் போட்ட மாஸ்க்கையும் காலையில் வந்து எடுத்துப்போக ஒருவர் வேண்டும். கடைசி இரண்டு பேரும் யாருடைய தராசிலும் ஏறியதில்லை. அவர்கள் எடைக்கல் மாதிரி, எடை பார்க்கப் பயன்படுவார்கள், அவர்களை யாரும் எடை பார்க்க மாட்டார்கள்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்தார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். நான்கு மணி நேர அவகாசம். இதைச் சிலர் இன்றைக்கும் துணிச்சலான முடிவு என்கிறார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் யாருடைய வாழ்க்கை எடைபோடப்பட்டது? மார்ச் 28ஆம் தேதி தூர்தர்ஷனில் ராமாயணம் மறு ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. அதே நாட்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள். மே 8 அதிகாலை, மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள், பலர் பழங்குடிகள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊரடங்கில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்படியொரு தரவு இல்லை என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது.

நம் ஊரிலும் கதை வேறு அல்ல. சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் கொல்லப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம், செல்போன் கடையை அனுமதித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்தார்கள் என்பது. நோயிலிருந்து மக்களைக் காக்கப் போடப்பட்ட விதியின் பெயரால் காவல் நிலையத்தில் அடி, பிறகு மரணம். 2020 ஜூன் 22, 23 தேதிகளில் இரண்டு உயிர்.

இதைப் படிக்கிற சில தோழர்கள் இப்போது சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள் என்று தெரியும். 'அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், ஊரடங்கே பாசிசம், கொரோனா பயமே ஆளும் வர்க்கத்தின் கட்டுக்கதை, மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு வாழ்ந்திருக்க வேண்டும்.' கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வரிசையை ஞாபகப்படுத்துகிறேன். ஓர் அரசும் சமூகமும் எதை ஆபத்து, எதை இயல்பு வாழ்க்கை என்று நினைக்கின்றன என்பது அறிக்கைகளில் தெரியாது. எது முதலில் திறந்தது, எது கடைசியில் திறந்தது என்று பார்த்தால் தெரியும். தமிழ்நாட்டில் 2020 மே 7ஆம் தேதி, சென்னையைத் தவிர்த்து, டாஸ்மாக் திறந்தது. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி 16ஆம் தேதி மீண்டும் திறந்தது. செப்டம்பர் 1இல் ஷாப்பிங் மால்களும் கோயில்களும் திறந்தன. நவம்பர் 10இல் தியேட்டர்கள். 2021 ஜனவரி முதல் வாரத்தில், பொங்கலுக்குப் பெரிய படம் வருகிறது என்று, தியேட்டரில் 100 சதவீதம் இருக்கைகளுக்கு அனுமதி கொடுத்து அரசாணையே வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்ப 50 சதவீதமாக்கினார்கள்.

ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி எப்போது திறந்தது? 2021 நவம்பர் 1. பத்தொன்பது மாதங்களுக்கு மேல்.

இதில் இரண்டு ஆட்சிகளும் அடக்கம், எனவே கட்சிச் சண்டைக்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது வேறு. சாராயக் கடைக்காக உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்த அரசுக்கு, ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பைத் திறக்க ஏன் யாரிடமும் வாதாடத் தோன்றவில்லை? ஏனென்றால் அதைக் கேட்டு யாரும் அழுத்தம் கொடுக்கவில்லை. அழுத்தம் கொடுக்கக்கூடிய வர்க்கத்தின் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு இருந்தது, ஆளுக்கொரு திரை இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் பட்டதாரி அம்மா இருந்தார். அவர்களுக்குப் பள்ளி மூடல் ஒரு தொந்தரவு. நம் பிள்ளைகளுக்கோ பள்ளிதான் ஒருவேளைச் சத்துணவு, பள்ளிதான் வீட்டில் யாருக்கும் தெரியாத எழுத்து. செங்கல் சூளைக்கும் ஜவுளி மில்லுக்கும் போன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று உங்கள் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகள் யார் யாருக்குக் கல்யாணம் முடிந்தது என்பதையும் அவரே சொல்வார். அந்தப் பிள்ளைகளுக்காகத் தராசைப் பிடித்தது யார்? பிடித்தவர் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது?

அடுத்து, நமக்கு நன்றாக அறிமுகமான ஒரு கும்பல். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்று தொடங்கும் அந்த ஃபார்வர்டுகளை 2020இல் பார்க்காதவர் இருக்க முடியாது. கைகுலுக்காமல் கும்பிட்டார்களாம், வெளியே போய் வந்தால் குளித்தார்களாம், அடுத்தவர் தொட்ட பாத்திரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். மடி, ஆச்சாரம், தீட்டு எல்லாமே கிருமி அறிவியல்தானாம். உலகமே இன்று நம் வழிக்கு வந்துவிட்டதாம். அரசும் ஊடகமும் வேறு 'சமூக இடைவெளி' என்ற சொல்லை விடாமல் ஓதிக்கொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதமே உடல்ரீதியான இடைவெளி என்ற சொல்லுக்கு மாறிவிட்டது, இங்கே ரேஷன் கடை வாசல் வட்டங்களிலிருந்து காலர் ட்யூன் வரைக்கும் சமூக இடைவெளிதான். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஏற்கெனவே இருக்கிற சமூக இடைவெளி போதாதா என்று அப்போதே பல தோழர்கள் எழுதினார்கள். நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நோய்க்காகத் தனிமைப்படுத்துவதற்கும் தீண்டாமைக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். தனிமைப்படுத்தலுக்கு முடிவு தேதி உண்டு. 14 நாள் என்றார்கள், பிறகு 7 நாள் என்றார்கள். கிருமி போனால் கதவு திறக்கும். அப்பனுக்கு வந்தது என்பதற்காகப் பேரனை ஒதுக்க மாட்டார்கள். முக்கியமாக, ஒதுக்கப்பட்டவருக்குச் சோறும் மருந்தும் போக வேண்டும் என்பது அதன் விதி. தீட்டுக்கு இந்த மூன்றும் கிடையாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டை ஊராட்சியின் படம் வெளியானது. ஊராட்சித் தலைவரான ஆதிதிராவிடர் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். கொரோனா உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அந்த அறையில் யாரும் ஆறடி இடைவெளியை அளந்து பார்க்கவில்லை, அவர்கள் அளந்தது உயரத்தை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு பட்டியலினப் பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, சில நாள் கழித்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். கொடிக்கம்பத்தைத் தொட்டால் எந்த வைரஸ் பரவும் என்று முன்னோர் அறிவியலாளர்கள்தான் விளக்க வேண்டும்.

இனி என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். வேறு வழியில்லாததால்தான் சொல்கிறேன், அனுதாபம் தேவையில்லை. அம்மா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எந்த ஊர், எந்த ஒப்பந்ததாரர் என்பதை விட்டுவிடுகிறேன், அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். டெஸ்ட் எடுக்கலாம் வா என்று நான் கூப்பிட்டேன்.

"எடுத்து என்னா பண்றது? இருக்குதுன்னு வந்துட்டா பதினாலு நாளு வூட்ல குந்தணும். பதினாலு நாளு கூலி நீ குடுப்பியா? மேஸ்திரி குடுப்பானா? திரும்பிப் போறப்ப அந்த வார்டுல வேற ஆளு நிக்கும்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு விடியற்காலை 5 மணிக்கு மஸ்டர் போட்ட இடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது அந்த வாட்ஸ்அப் தோழரிடம் கேட்கிறேன். இதுவும் தனிமனித முடிவா? என் அம்மாவும் ஆபத்தையும் வாழ்க்கையையும் எடைபோட்டாரா? போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் இருந்த இரண்டு தட்டிலும் ஒரே பொருள்தான் இருந்தது. வேலைக்குப் போனால் நோய், போகாவிட்டால் பசி. இதற்குத் தேர்வு என்று பெயர் வைக்க எவ்வளவு கொழுப்பு வேண்டும்? அவருக்கு வந்தது கொரோனாதானா என்பதும் கடைசி வரை தெரியாது. அரசின் கணக்கில் அவர் ஒரு 'கேஸ்' ஆகவே இல்லை. அவரோடு ஒரே பேட்டரி வண்டியில் போனவர்களுக்குத் தொற்றியதா என்பதும் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 16இல் இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. முன்களப் பணியாளர் பட்டியலில் தூய்மைப் பணியாளர்கள் இருந்தார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் முதல் டோஸ் கிடைத்தது, அது அவரைக் காப்பாற்றியிருக்கலாம். தடுப்பூசியைச் சந்தேகிக்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. ஆனால் ஊசி கிடைத்த கைக்குக் கையுறை கிடைக்கவில்லை. சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கவில்லை. கைதட்டல் கிடைத்தது. மார்ச் 22 மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் தட்டு தட்டினார்கள். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்து அகல் ஏற்றினார்கள். ஊர் ஊருக்குத் தூய்மைப் பணியாளர்களை உட்காரவைத்து மாலை போட்டுப் பாதபூஜை செய்தார்கள். காலைக் கழுவுகிறவர்கள் அந்தக் கால் ஏன் செருப்பில்லாமல், பூட்ஸ் இல்லாமல் குப்பையில் நிற்கிறது என்று கேட்கவில்லை. 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியதை வரவேற்கிறேன். மஸ்டரில் மாறிய பெயருக்கு நேரே கூலி அதேதான்.

'கொரோனாவுக்குச் சாதி கிடையாது, பணக்காரனும் செத்தான், பார்ப்பனனும் செத்தான், எல்லாவற்றிலும் சாதியை இழுக்காதே' என்று அடுத்து சொல்வார்கள். வைரஸுக்குச் சாதி கிடையாதுதான். அது நுரையீரலைப் பார்க்கிறது. ஆனால் நுரையீரல் எங்கே மூச்சு விடுகிறது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள் கண்ணகி நகரில் 200 சதுர அடி அளவுள்ள வீடுகளில் ஐந்தாறு பேராக இருக்கிறார்கள். அங்கே ஆறடி இடைவெளி விட வேண்டுமானால் பாதிப் பேர் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும். 2020 மே மாதம் ராயபுரம் மண்டலத்தில் தொற்று வேகமாக ஏறியபோது என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? வடசென்னைக்காரன் சொன்னால் கேட்க மாட்டான், ஒழுங்கு கிடையாது, மீன் வாங்கக் கூட்டம் கூடுகிறான். ஒரு குழாயடியில் முப்பது குடும்பம் தண்ணீர் பிடிக்கிற தெருவைப் பற்றி ஒழுங்குப் பாடம். ஏசி அறையில் பால்கனித் தோட்டம் வளர்த்தவர்களுக்கு அது குணக்கேடாகத் தெரிந்தது. இடநெருக்கடியைப் பண்புக்குறைவாகப் படிப்பது பழைய பார்ப்பனியப் பழக்கம்.

நோய்க்காலத்தில்கூட இடிப்பது நிற்கவில்லை. 2021 ஜூலை இறுதியில், இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரத்தில், அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் கூவம் கரை வீடுகளை இடித்து மக்களைப் புளியந்தோப்புக்கு அனுப்பினார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று காலர் ட்யூனில் சொல்லிக்கொண்டே வீட்டை இடித்தார்கள்.

சாதி இல்லை என்பதை நிரூபிக்க எளிய வழி ஒன்று இருந்தது. கணக்கை வெளியிட்டிருக்கலாம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வெள்ளையர்களைவிடக் கூடுதல் விகிதத்தில் இறக்கிறார்கள் என்பது முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அங்கே இனவாரியாக எண்ணினார்கள். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020 மே மாதமே, இனவாரியாக மட்டுமின்றி வேலைவாரியாகவும் மரணக் கணக்கை வெளியிட்டது. காவலாளிகள், டாக்சி ஓட்டுநர்கள், பஸ் ஓட்டுநர்கள், சமையல்காரர்கள் அதிகம் செத்திருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. இந்தியாவில் யார் எண்ணினார்கள்? மொத்த எண்ணிக்கையே தகராறு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இங்கே கொரோனாவால் நேரடியாகவும் மறைமுகமாகவும் கூடுதலாக இறந்தவர்கள் 47 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசின் கணக்கில் சுமார் 4.8 லட்சம். ஒன்றிய அரசு அந்த மதிப்பீட்டை ஏற்க மறுத்தது. பத்தில் ஒன்பது பங்கு பிணம் யாருடையது என்பதிலேயே சண்டை என்றால், அந்தப் பிணம் காலனியிலிருந்து வந்ததா அக்ரகாரத்திலிருந்து வந்ததா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? சாதிச் சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சேர்க்க மாட்டான், செத்தால் மட்டும் சாதி கேட்க மாட்டானாம். எண்ணாமல் விட்டதையே, சாதி பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

இப்போது மாஸ்க் கழற்றும் தோழர்களிடம் வருகிறேன். உங்கள் வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். அந்த ஊரடங்கு நான்கு மணி நேரத்தில் போடப்பட்ட விதம் ஒரு குற்றம். பள்ளியை அவ்வளவு நாள் மூடிவைத்தது ஒரு குற்றம். ஆனால் அதிலிருந்து நீங்கள் போய்ச் சேருகிற இடம், நோய் வந்தால் வரட்டும், வலுத்தவன் பிழைக்கட்டும் என்பது. அது எங்களுக்குப் புதிய தத்துவமும் இல்லை. காலரா காலத்திலும் பிளேக் காலத்திலும் எங்கள் தெருக்களை அப்படித்தான் விட்டார்கள். நீங்கள் நண்பர்களோடு கஃபேவில் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்து சுதந்திரத்தை அனுபவித்தால், அந்த மேசையைத் துடைக்க வருகிற பையனுக்கு அந்தச் சுதந்திரத்தில் பங்கு கிடையாது, கிருமியில் மட்டும் உண்டு. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பள விடுப்பு இருக்கிறதா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? தொற்று நோயில் தனி உடம்பு என்று ஒன்று கிடையாது. உங்கள் ரிஸ்க் உங்களோடு முடிந்துபோவதாக இருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ஆபத்தையும் வாழ்க்கையையும் எடைபோட்ட ஒருவரைப் பற்றி நம் மரபிலேயே இருக்கிறது, நாம்தான் அவரை ஆசிரியர் தினப் போஸ்டரோடு நிறுத்திவிட்டோம். 1897இல் புனேயில் பிளேக். சாவித்திரிபாய் புலேவுக்கு அப்போது 66 வயது. வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர், ஊருக்கு வெளியே பிளேக் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை இடம் நடத்தினார். முண்ட்வா மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் என்று தெரிந்து சாவித்திரிபாய் அவனைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார். அதில் அவருக்குத் தொற்றியது. மார்ச் 10ஆம் தேதி இறந்தார். அதே ஆண்டு, அதே ஊரில், பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டுக் கொன்ற சபேகர் சகோதரர்கள் தேசபக்தர்களாகப் பாடப்புத்தகம் ஏறினார்கள். சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டது கொடுமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய கோபத்தில் பூஜையறையில் அந்நியன் கால் பட்ட கோபமும் கலந்திருந்தது. சாவித்திரிபாய்க்கும் ஒரு வாழ்க்கை இருந்தது, ஆபத்தும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் எடைபோட்டபோது தட்டில் அந்த மகர் சிறுவனும் இருந்தான்.

எல்லாரும் சாவித்திரிபாய் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தியாகத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் தூய்மைப் பணியாளர்களைச் சாகடிக்கிறார்கள். நான் கேட்பது மிகச் சாதாரணமானது. காய்ச்சல் என்றால் கூலி பிடிக்காத விடுப்பு, டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஒப்பந்தம் ஒழிந்து நிரந்தர வேலை. கையுறை, பூட்ஸ், மாஸ்க் ஆகியவை மாதாமாதம், போட்டோ எடுக்கும் நாளில் மட்டும் அல்ல. பணியில் இறந்தால் வேலையில்தான் தொற்றியது என்பதற்கான சான்றிதழைத் தேடி விதவை அலையாத ஒரு இழப்பீட்டு முறை. அடுத்த நோய் வரும்போது மரணத்தைச் சாதிவாரியாக, வேலைவாரியாக எண்ணி வெளியிடுவது. பள்ளியைக் கடைசியில் மூடி முதலில் திறப்பது. இவை நடந்திருந்தால் என் அம்மாவுக்கும் ஒரு தராசு இருந்திருக்கும், அப்போது அவர் முடிவைத் தனிமனித முடிவு என்று நானே ஒத்துக்கொள்வேன்.

இதெல்லாம் 2020இன் பழங்கதை என்று நினைப்பவர்கள் 2025 ஆகஸ்ட் மாதத்தைத் திரும்பிப் பார்க்கலாம். சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் பட்டியலினத்தவர். மாதம் 23 ஆயிரம் அளவில் வாங்கிய கூலி தனியாரிடம் போனால் 16, 17 ஆயிரமாகக் குறையும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள்: கொரோனாவில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டபோது நாங்கள்தான் வந்தோம். வெயிலிலும் மழையிலும் 13 நாள் அந்த நடைபாதையில் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்து பஸ்களில் ஏற்றியது. கைகாட்ட நீதிமன்ற உத்தரவு இருந்தது. மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. நிரந்தர வேலை அந்தப் பட்டியலில் இல்லை.

2020இல் அவர்களுக்குப் பாதபூஜை செய்த சமூகநீதி மாநிலத்தில், அந்த 13 நாளும் ரிப்பன் மாளிகைப் பக்கம் எட்டிப் பார்த்த முற்போக்காளர்கள் எத்தனை பேர்? எட்டிப் பார்த்த தோழர்களை நான் அறிவேன், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மற்றவர்களில் பலர் அப்போது கூட்டணி தர்மத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் அதன் பிறகும் வேலைக்காகத் தெருவில்தான் நின்றார்கள். மே மாதம் ஹார்ட் போட்ட தோழர்கள் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே இதையும் ஒருமுறை பேசலாம்.